இறங்க வேண்டிய புரதம்

ஈரலில் கட்டி வந்த பகுதியை வெட்டி எடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரரை அனுப்பியபோது, உடம்பில் புரதம் குறைந்திருக்கிறது, தினமும் முட்டை கொடுங்கள் என்றார்கள். அவருக்கு வெள்ளைக்கரு என்றாலே ஆகாது. விட்டேனா? புரட்டாசியில் எங்கள் அடுப்பில் முட்டை ஏறியதே கிடையாது. அந்த வருஷம் பெருமாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேகவைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். ரத்தப் பரிசோதனையில் புரதம் கொஞ்சம் ஏறினாலும் போதும், அவிநாசியில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையடிப்பார்.

ஆனால் டாக்டர் கவனித்துக்கொண்டிருந்தது வேறொரு புரதத்தை. ஏ.எஃப்.பி. என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் எக்கச்சக்கமாக இருந்ததாம், பிறகு நன்றாக இறங்கிவிட்டதாம். மறுபடி ஏறினால் கட்டி திரும்ப வருகிறதோ என்று பார்க்க வேண்டும் என்றார். இதைக் கேட்க இவர் அறையில் இல்லை. டாக்டர் வாயைத் திறந்தாலே, "நீயே கேட்டுக்க அம்மணி" என்று டீ குடிக்கப் போய்விடுவார். வீட்டுக்கு வந்து நான் சொல்ல ஆரம்பித்தால் டிவியைச் சத்தமாக வைப்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு லாரி ஓட்டிய மனுஷனுக்கு அவ்வளவு பயம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம். முடிவு வரும்வரை என்னால் வாயில் சோறு வைக்க முடியாது.

போன தடவை முடிவு அவர் போனுக்கே வந்துவிட்டது. உக்கடத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். மேல்நோக்கிய அம்புக்குறியைப் பார்த்தவர், புரதம் ஏறிவிட்டது என்று அக்காவுக்குச் சொல்லி, பக்கத்துக் கடையில் மைசூர்பாகும் வாங்கிவிட்டார். நான் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஏறியிருந்தது ஏ.எஃப்.பி. எனக்கு எதையும் பூசி மெழுகிப் பேச வராது. பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன்.

"ஏனுங்க, இது ஏறக் கூடாத புரதமுங்க. கட்டி திரும்ப வருதோன்னு பார்க்கோணும். நாளைக்கே டாக்டர்கிட்ட போலாமுங்க."

மைசூர்பாகு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பஸ் வந்து போய்விட்டது. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"முட்டைய நிறுத்திப்போட்டா எறங்கீருமா, புள்ள?"

எல்லாம் என் முட்டையால் வந்த வினையாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுதான் அழுகை வந்தது.