முளைக்காத மொச்சை

ஜன்னல் கட்டையில் காகிதக் குவளைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஈர மண், ஒரு மொச்சை விதை, வெளியே ஒட்டிய தாளில் ஒரு பிள்ளையின் பெயர். ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் நான் தலைமையாசிரியை. ஒன்றாம் வகுப்பும் என்னிடம்தான். விதை முளைக்கும், முளை செடியாகும், செடி பூத்துக் காய்க்கும், காய் முற்றினால் மறுபடி விதை என்று கையை வட்டமாகச் சுற்றிக் காட்டுவேன். பிள்ளைகளும் கூடவே சுற்றுவார்கள்.

ஐந்தாம் நாள் எல்லாக் குவளையிலும் முளை எட்டிப்பார்த்தது, ஒன்றைத் தவிர. அந்தக் குவளைக்குரிய சிறுமி அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம், வீட்டில் முளைகட்டிய மொச்சை ஒன்றைக் கொண்டுவந்து அந்த மண்ணுக்குள் வைத்தேன். நிமிர்ந்தால், சத்துணவு சமைக்கும் அக்கா வாசலில் நின்றிருந்தார்.

“எதுக்கு டீச்சர் மாத்துறீக?”

“பிள்ளை ரெண்டு நாளா அழுகுதுக்கா.”

“அழட்டும். எல்லா வெதையும் மொளைக்காதுன்னு அதுவும் தெரிஞ்சுக்கட்டும். எனக்கு ஆரும் சொல்லல.”

ஆறு வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. முந்தைய வாரம் முழுக்க அவர் வேலைக்கு வரவில்லை. தகவலும் இல்லை. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு நான் ஊரெல்லாம் அலைந்தேன். அந்தக் கோபத்தில், திரும்பி வந்தவரை மேசை முன் நிற்கவைத்து விளக்கக் கடிதம் எழுதி வாங்கினேன். வயிற்றுவலி என்று எழுதியிருந்தார். என்ன வலி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை பள்ளி விட்டதும் சமையலறைக்குப் போனேன். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். அண்டாவைத் தேய்த்துக்கொண்டே அவராகச் சொன்னார். கரு கலைந்தது மூன்றாவது தடவையாம். இந்த முறை ஐந்து மாதம். “மாமியா சொல்லிட்டாக டீச்சர், இனி வேற பொண்ணு பாக்கணும்னு. அவரும் சரின்னுட்டாரு.” கழுவிய தட்டுகளை எடுத்துத் துடைத்து அடுக்கினேன். இருட்டும்வரை இருந்தேன்.

அந்த வருடமே அவர் வேலையை விட்டுவிட்டு, பெரியகுளம் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மாந்தோப்பில் காய் பொறுக்கும் வேலை என்று கேள்விப்பட்டேன். அரைமணிக்கு ஒரு பஸ் ஓடுகிற ஊர்தான். ஒருநாள் போகலாம், போகலாம் என்றே வருடங்கள் ஓடின. மொச்சைப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். சில விதைகள் முளைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முளைக்காத விதையை மாற்றி வைப்பதில்லை.

போன மாதம் அவர் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. அப்போதுதான் போனேன். தங்கை மகள் கொள்ளிக்குடம் எடுக்கத் தயாராக நின்றாள். நான் யாரென்று சொன்னதும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா உங்களச் சொல்லாத நாளில்ல. டீச்சர் ஒருநா எங்கூட அடுப்படியில வந்து ஒக்காந்திருந்தாகன்னு சொல்லும்.”

அவருக்காக நான் செய்தது அது ஒன்றுதான்.