காலும் தெரியவேணும்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொன்ன இடமெல்லாம் "சும்மா அளக்காதை" என்று சிரித்தவர்கள்தான் அதிகம். சிரித்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கல்லுக்கிடங்குக்குப் போய்ப் பார்க்கவில்லை. இடத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே நாலு பேர் கமராவும் கையுமாகப் போய் நிற்பார்கள். ஒஸ்லோவிலிருந்து காரில் கொஞ்சத் தூரம், பியோர்ட் எனப்படும் கடல் நுழைவின் கரை ஓரம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

பேய்க்கு நடுச்சாமம் வேண்டும் என்று நினைப்பவர்கள் டிசம்பரில் இங்கே வந்து பாருங்கள். மத்தியானச் சோறு செமிக்கமுன் இருட்டிவிடும். இது நடந்ததும் பின்னேரம் மூன்று மணிக்குத்தான்.

துஷ்யா என் சிநேகிதி. ஒஸ்லோவின் புறநகரான பியோர்ண்டாலில் ஒரே அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் வீடுகளில் எல்லாரும் டொக்டர், எஞ்சினியர் என்று கனவு கண்டுகொண்டிருக்க, அவள் போய்ப் பாறைகளைப் பற்றிப் படித்தாள். "கல்லுடைக்கவோ பிள்ளை இவ்வளவு படிக்கிறாய்?" என்று கேட்டுக் கேட்டே சனம் களைத்துப்போனது. அவளுடைய அப்பா மகேசன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் வாய் திறக்காத மனிதர்.

அவளுக்கு இப்போது ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலை. பழைய பாறை, குகை, கல்லுக்கிடங்கு என்று போய்ப் பார்த்து, அங்கே சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிவரலாமா என்று புள்ளி போட வேண்டும். பாதை எப்படி, கார் விட இடம் இருக்கிறதா, பிள்ளைகள் வந்தால் ஆபத்தா, எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. முக்கியமாக, படம் எடுத்தால் வடிவாக வருமா? இந்தக் காலத்தில் படம் வராத இடத்துக்கு யார் போகிறார்கள்!

நவம்பர் தொடக்கத்தில் மகேசன் மாமா செத்துப்போனார். மாரடைப்பு. காலமை பல் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். துஷ்யா அழவில்லை. செத்தவீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தாள், சவப்பெட்டிக்குப் பூ வைத்தாள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஐயரோடு நேரம் கதைத்தாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். ஆனால் ஆள் அங்கே இல்லை. பெட்டைக்கு நெஞ்சும் கல்லாகிவிட்டது என்று பின்னால் நின்று சிலர் குசுகுசுத்ததை நானே கேட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

என்னிடம் ஒரு நாள் சொன்னாள்.

"முகம் நினைவிருக்கடி. குரல்தான் வரேல்லை."

கைத்தொலைபேசி முழுக்கத் தேடியிருக்கிறாள். மனுசன் குரல் அனுப்பினால்தானே! எது கேட்டாலும் ஒரு பெருவிரல் படம் அனுப்புவார், அவ்வளவுதான். கலியாணவீட்டு வீடியோக்களிலும் எங்கேயோ ஒரு மூலையில் சும்மா நிற்கிறார்.

"ஒருக்கா அந்தக் குரலைக் கேட்டனெண்டால் அழுதிடுவன்," என்றாள். "ஒருக்காக் கேட்டால் காணும்."

அதைச் சொன்னபோதும் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

அந்தியேட்டி முடிந்த கிழமையே வேலைக்குப் போய்விட்டாள். முதல் வேலை இந்தக் கல்லுக்கிடங்கு. கூட வந்தவர் ஸ்தைனார், அவளுடைய வேலைத்தோழர், நோர்வேஜியர். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது. முப்பது வருடமாகப் பயிற்சிக்கு வரும் மாணவர்களை அதே இடத்துக்குக் கூட்டிவந்து காட்டியவர். ஒரு நாளும் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை என்று காரில் சொல்லிக்கொண்டு வந்தார்.

கிடங்கு ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடம். ஒரு பக்கம் பெரிய பாறைச் சுவர். கறுப்பும் சாம்பலும் மாறி மாறி அடுக்கடுக்காய் வந்து, நடுவில் பாய் மடித்ததுபோல மடிந்திருந்தது. சுவருக்கு முன்னால் வெறும் கல் தட்டு ஒன்று. தட்டின் மற்றப் பக்கம் செங்குத்தான இறக்கம். அடியில் கறுப்பாகத் தண்ணீர். வேலி கிடையாது.

சுவருக்கு முன்னால் ஸ்தைனார் போய் நின்றார். பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவது அவர்கள் தொழில் வழக்கம். ஆள் இல்லாவிட்டால் பாறை எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. அளவுக்கு நிற்கிற ஆள் எப்போதும் ஸ்தைனார்தான். தொப்பி, மூக்கு வரை கம்பளிச் சால்வை. கண் மட்டும்தான் வெளியே.

துஷ்யா தட்டின் நடுவில் நின்று கமராவைத் தூக்கினாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. முதல் படம் எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னுக்கு."

சரிதானே. மடிப்பு முழுவதும் உள்ளே வரவில்லை. துஷ்யா கமராவின் திரையைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள். இன்னொரு படம்.

"காலும் தெரியவேணும். பின்னுக்கு."

திரையில் பார்த்தாள். ஸ்தைனாரின் சப்பாத்து இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. நாடா கூடத் தெரிந்தது. பிறகு இன்னும் எந்தக் கால் தெரிய வேண்டும்?

அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் அவள் ஒரு மாதமாக இல்லை. போ என்றால் போவாள், சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். பின்னால் போ என்றது குரல். போனாள்.

காற்று பலமாக வீசியது. சால்வை படபடத்தது. ஆனால் அந்தக் குரல் மட்டும்... காற்றில் அடிபடவே இல்லை. கத்தவும் இல்லை. பக்கத்தில் நிற்கிற ஆளோடு கதைப்பதுபோல, சாதாரணமாக, கொஞ்சம் சிரிப்போடு.

ஸ்தைனார் சிரித்துக் கதைக்கிற ஆள் இல்லையே என்று மட்டும் ஒரு நினைப்பு வந்தது.

வந்து, போய்விட்டது.

இன்னொரு அடி வைத்தாள்.

டொக்... ஒரு சின்னக் கல் அவள் குதிக்காலில் பட்டு உருண்டது.

பிறகு சத்தமே இல்லை.

பிறகு... கீழே, நல்ல கீழே... தொபக்.

"இன்னும் கொஞ்சம், மச்சான்."

மச்சானா?

அதே நேரம் இன்னொரு சத்தம் கேட்டது. மிகத் தூரத்தில். காற்றில் கிழிந்து, பாதி மட்டும் வந்து சேர்ந்தது.

"ஸ்டொப்! ஸ்டொப்!"

நிமிர்ந்து பார்த்தாள். சுவரடியில் ஸ்தைனார் சால்வையை இழுத்துவிட்டு, வாயை ஆவென்று திறந்து, இரண்டு கையையும் விரித்து ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். கத்துகிறார். உயிர் போகக் கத்துகிறார். அவள் காதுக்கு அது ஒரு கீச்சாகத்தான் வந்தது.

அப்படியென்றால் இவ்வளவு நேரமும் பக்கத்தில் கதைத்தது?

அவள் அசையவில்லை. குதிக்கால் இரண்டும் வெறும் காற்றில் நின்றன.

ஸ்தைனார் வந்து அவள் ஜக்கெட்டைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் கல் தட்டில் விழுந்தார்கள்.

தட்டில் வேறு யாரும் இல்லை.

காருக்குள் ஏறி, சூடு போட்டு, கனநேரம் ஸ்தைனார் காரை எடுக்கவில்லை. அவருடைய முகம் சாம்பல் பூத்திருந்தது. துஷ்யா கமராவைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"ஏன் பின்னால் போனாய்?" என்றார் ஸ்தைனார். "நீ நடக்கத் தொடங்கியதிலிருந்து கத்துகிறேன்."

"நீங்கள்தானே போகச் சொன்னீர்கள்."

"நானா? நான் நில் என்று மட்டும்தான் கத்தினேன்."

துஷ்யா வாயைத் திறந்தாள். குரல் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக்காட்ட நினைத்தாள். முதல் சொல் நாக்கில் வந்தபோதுதான் உறைத்தது.

அது தமிழ்.

இதை இங்கே பிறந்து வளர்ந்த எங்களைப் போன்றவர்கள்தான் விளங்கிக்கொள்வீர்கள். வீட்டில் தமிழ், வெளியில் நோர்ஸ்க், தமக்கையோடு பாதி பாதி. ஒருவர் கதைத்து முடித்தபிறகு என்ன சொன்னார் என்று நினைவிருக்கும், எந்த மொழியில் சொன்னார் என்று நினைவிருக்காது. இரண்டும் ஒரே காதுக்குள் ஒரே மாதிரித்தான் போகும். அவளுக்கும் அப்படித்தான் போயிருக்கிறது. தன்னோடு வந்தவர் கதைக்கிறார் என்றே நினைத்திருக்கிறாள். ஸ்தைனாருக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் வடை.

"பாதுகாப்புக்குப் பூச்சியம் போடு," என்றார் ஸ்தைனார், காரை எடுத்தபடி. "ஒருவரும் இங்கே வரவேண்டாம்." பிறகு அவளைப் பியோர்ண்டாலில் இறக்கிவிட்டார்.

பூமணி மாமி, மகேசனின் தங்கை. ஸ்தவாங்கர் நகரில் இருக்கிறார். தமையன் போன நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்குத் துஷ்யாவுக்கு அழைப்பு எடுத்து, சாப்பிட்டாளா என்று கேட்காமல் விடமாட்டார். அன்றைக்கும் எடுத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சோறு போட்டுக்கொண்டு வந்திருந்தேன். துஷ்யா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு எங்கை பிள்ளை வேலை?"

துஷ்யா இடத்தின் பெயரைச் சொன்னாள்.

மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மாமி நிறுத்தினார்.

"மாமி?"

"அங்கை ஏன் போனனீ?" மாமியின் குரல் மாறிவிட்டது. "ஆர் சொன்னது உனக்கு அந்த இடத்தை? கொப்பர் சொன்னவரோ?"

"இல்லை. அப்பா ஒண்டும் சொன்னதில்லை. வேலைக்குப் போனனான். ஏன்?"

மாமி ஒரு மூச்சு விட்டார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

"நீ பிறக்க முன்னம் நடந்தது. கொப்பர் அப்ப வடக்கை, பாட்ஸ்பியோர்ட்டிலை, மீன் பக்ரரியிலை. பனியிலை கால் பழுதாகி வெட்டிப்போட்டாங்கள் எண்டு ஊரிலை ஒரு நாசமறுவான் கதை கட்டிவிட்டான். எங்கடை அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவ. 'எனக்கு அவன்ரை முழுப்படம் வேணும், காலும் தெரியவேணும், தெரிஞ்சால்தான் நம்புவன்' எண்டு ஒரே அழுகை."

துஷ்யா கோப்பையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"லீவிலை ஒஸ்லோவுக்கு வந்தவையாம், கொப்பரும் கிருபன் எண்டு ஒரு பெடியனும். ரெண்டு பேரும் ஒரே அறை. பெரிய கல்லுச்சுவருக்கு முன்னாலை நிண்டு எடுத்தால் வடிவா இருக்கும் எண்டு அங்கை போயிருக்கினம். கொப்பர் சுவரடியிலை நிண்டவர். கிருபன்தான் கமரா. கமராவுக்குள்ளை பாத்துக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போயிருக்கிறான் பெடியன். பாவம்... ஆள் கீழை, கமரா மேலை கிடந்ததாம். பொலிஸ் அதுக்குள்ளை இருந்த பிலிமைக் கழுவி, கொப்பரிட்டைக் குடுத்தது. எங்களுக்கு ஒரு படம் வந்தது. முழங்கால் வரைக்கும்தான். கால் தெரியேல்லை."

துஷ்யாவின் கையைப் பிடித்தேன். ஐஸ்போல இருந்தது. அவள் கையை இழுக்கவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"மாமி," என்றாள். "அப்பான்ரை குரல் அப்ப எப்பிடி?"

"இதென்ன கேள்வி?"

"சொல்லுங்கோ."

"அப்ப நல்ல குரல், பிள்ளை. மெல்லிசு. சிரிச்சுச் சிரிச்சுத்தான் கதைப்பார். நீ அறிஞ்ச அப்பா இல்லை அது. அதுக்குப் பிறகுதானே மனுசன் அப்பிடி ஊமையானது."

"மச்சான் எண்டு ஆரைக் கூப்பிடுறவர்?"

"ஆர், கொப்பரோ?" மாமி யோசிக்கவே இல்லை. "கிருபனை மட்டும்தான். அவன் செத்தபிறகு கொப்பர் ஒருத்தரையும் மச்சான் எண்டு கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏன் பிள்ளை?"

மாமி இரண்டு மூன்று தரம் "பிள்ளை, பிள்ளை" என்று கூப்பிட்டார். நான்தான், ஒன்றுமில்லை மாமி, பிறகு எடுக்கிறாள் என்று சொல்லித் தொலைபேசியை நிறுத்தினேன்.

"துஷ்யா, அழடி," என்றேன். "தயவுசெய்து அழு."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அப்பா எனக்குப் பக்கத்திலை நிண்டு கதைச்சவர்," என்றாள். "அவருக்கு நான் ஆரெண்டு தெரியேல்லை."

பிறகு கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன சோற்றைக் குழைத்தாள்.

"எனக்கும் அது அவரெண்டு தெரியேல்லையடி."