பதின்மூன்று கிலோமீட்டர்

எங்கள் வானிலை ஆபீஸில் ஸ்கேல் அக்காவைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து மேகங்களின் நிழலை அளந்து உயரத்தைக் கணக்கிடுவார். போன வருஷம் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த ஏரியை நிழல் என்று நினைத்து அளந்து, ஒரு விமானத்தை வீணாகச் சுற்ற வைத்துவிட்டார். அதிலிருந்து, "ஏரி வத்திடுச்சாக்கா?" என்று கேட்காத வாய் இல்லை. என் வாயும் சேர்த்தி.

ஒரு நாள் மாலை, விமானப் பாதையில் ஒரு மேகம். செயற்கைக்கோள் மேகத்தின் வெப்பத்தை அளக்கும். எவ்வளவு குளிரோ அவ்வளவு உயரம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். எட்டு கிலோமீட்டர் என்றது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் வரும் விமானம் மேலாகவே தாண்டிவிடலாம்.

"இது மெல்லிசு மேகம் சார். கீழ தரையோட சூடும் சேர்ந்து தெரியுது. மிஷின் ஏமாந்துடுச்சு," என்றார் அக்கா.

அதிகாரி நிமிரவே இல்லை. "மறுபடியும் ஏரியாம்மா?"

அக்கா மதியப் படத்தைத் திறந்தார். மாலைப் படத்தில் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் அப்போது எதுவும் இல்லை; ஏரி என்றால் மதியமும் தெரிந்திருக்கும். அப்படியானால் நிழல்தான். நீளம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர், சூரியன் அடிவானத்துக்கு மேல் பதினைந்து டிகிரியில். மேகம் பதின்மூன்று வரை நிற்கிறது. விமானம் நேராகப் பனித்தூளுக்குள் போய் நுழையும், எஞ்சினுக்கு ஆகாது. சுற்றிப் போக எரிபொருள் போதாது. திரும்ப வேண்டியதுதான்.

அக்காவின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. அந்த விமானத்தில் அவர் மகள் இருந்தாள். மறுநாள் காலை ஒன்பதுக்கு நேர்காணல். அதற்காக இரண்டு வருஷம் படித்திருந்தாள். வேறு விமானம் கிடையாது.

"மிஷின் சொன்னதே இருக்கட்டுமேக்கா. யாரு கேக்கப் போறாங்க?" சொன்னவன் நான்தான். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதின்மூன்று என்று அடித்து அனுப்பினார்.

"தப்பா இருந்தா உங்க தலைதான் உருளும்," என்று சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டார். விமானம் திரும்பியது. அக்கா கணக்கு சரியா என்று அந்த வானம் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவர் போன் அடித்தது. மகளின் அழுகை என் மேஜை வரை கேட்டது.

"எல்லாம் போச்சும்மா. எவனோ மேகம்னு சொல்லித் திருப்பி விட்டுட்டான். அவன் நல்லா இருப்பானா?"

"நான்தான்டி."

அழுகை சட்டென்று நின்றது.

"நான் இதுல இருக்கேன்னு உனக்குத் தெரியும்லம்மா?"

"தெரியும்," என்றார் அக்கா.