மகள் இல்லாத படம்

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் மதிப்பெண்களைத் தேதியுடன் டைரியில் குறித்துவிட்டு, பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சென்ற பள்ளிச் சுற்றுலாவுக்கு நானும் துணைக்குப் போனேன். கடற்கரையில் படமெடுக்க நின்ற தோழிகளிடம் மகள் ஓடினாள். நான் பின்னால் நிற்பது தெரியாமல் ஒருத்தி போனை அவள் கையில் திணித்தாள்.

"நீ எடுடி. உங்கம்மா குரூப்ல போடட்டும். உன் மார்க்க காட்டித்தான எங்கம்மா என்ன தெனமும் திட்டிகினு கீது."

மற்றவர்கள் சிரித்தார்கள். மகள் மூன்று படங்கள் எடுத்துக் கொடுத்தாள்.

பேருந்தில் கேட்டேன். "எத்தனை நாளா இப்படி?"

"உன் டைரியப் பாரும்மா. மார்க் போட்ட தேதியெல்லாம் கீதே."

வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். ஆறு தேதிகள். குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். நேற்று அடுத்த தேர்வின் முடிவு வந்தது. மகளிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.