குப்பி அக்கா சொன்ன பாட்காஸ்ட்

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவுகிறவரை எல்லோரும் குப்பி அக்கா என்போம். முழங்கை வரை ஈரக் கையுறை இருப்பதால் வேலை நேரத்தில் அவரால் போனைத் தொட முடியாது. அதனால் காதில் ஓடும் பாட்காஸ்டை ஒரு வரி விடாமல் கேட்பார். சாப்பாட்டு நேரத்தில் எங்களையும் கேட்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பார்.

இந்த வாரம் ஓர் எலக்ட்ரீஷியனின் பேட்டி. வண்டி ஓட்டும் அண்ணன் பத்து நிமிடம் கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆளை விடும்மா. எனக்குக் கேக்குறதுக்குக் கிரிக்கெட் சண்டையே போதும்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"நீயாவது கேட்டியாடி?"

"முழுசா கேட்டேன்க்கா. நல்லா இருந்துச்சு."

"செத்துப்போன பொண்டாட்டி ஞாபகம் வருமான்னு கேட்டாங்களே, அப்ப அவர் என்ன பண்ணாரு?"

"வரும்னு சொன்னாரு."

"அதுக்கு முன்னாடி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று, பேச்சில்லாத இடங்களை வெட்டிவிடும் வசதியை என் போனில் போட்டு வைத்திருந்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அடிப்பாவி, பழத்தை வீசிட்டுத் தோலைத் தின்னுருக்க" என்று அக்கா சிரித்தார். தன் போனை மேஜைமேல் வைத்து அந்த இடத்தை ஓடவிட்டார். கேள்வி வந்தது. பிறகு பேச்சே இல்லை. ஒரு மின்விசிறி சுற்றியது. யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன, நின்னுபோச்சா?" என்றார் அண்ணன்.

அக்கா வாயைத் திறக்குமுன் நான் அண்ணனைக் கையமர்த்தினேன்.

"சும்மா இருங்கண்ணா. கேட்டுட்டு இருக்கோம்."