கிழித்த செட்டை

இரண்டாயிரத்து ஐந்து அல்லது ஆறாக இருக்கும். நான் வேலை செய்த கராஜுக்குப் பனிக்காலத்துக்கான விண்டர் டயர் மாற்ற வந்த ஒருவர், வீட்டில் விமானம் கட்டுவதாகச் சொன்னார். நம்பாமல், வேலை முடிந்ததும் லொங்குய் என்ற ஊரில் இருந்த அவருடைய வீட்டுக்கே போனேன்.

உண்மைதான். கார் நிற்க வேண்டிய கொட்டகையில், காட்டு ஏரிக்கரையிலும் இறங்கக்கூடிய சின்ன விமானம் ஒன்று நின்றது. சுவரோரம் சாய்ந்திருந்த இறக்கைகளுக்குத் துணி போர்த்தி, சேர்ட் தேய்க்கும் அயர்ன்பொக்ஸால் சூடு காட்டி விறைக்கவைத்து, பெயின்டும் அடித்திருந்தார். மெலிந்த மனிதர். எதைத் தொட்டாலும் இரண்டு தரம் தொட்டுப் பார்ப்பார்.

"எவ்வளவு காலம் அண்ணை?"

"இந்தச் செட்டைக்கு மட்டும் ரெண்டு வருசம்."

ஓர் இறக்கையைத் தடவியபடி சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கத்தியை எடுத்து அந்த இறக்கையின் துணியை ஒரு முழத்துக்குக் கிழித்தார். நான் அலறிவிட்டேன்.

"அண்ணை, என்ன விசர் வேலை!"

"உள்ளுக்கை ஒரு நட்டு கழலாமல் கம்பிப் பின் ஒண்டு குத்தவேணும். குத்தினனானோ எண்டு ஞாபகம் வரேல்லை."

டோர்ச் அடித்துப் பார்த்தோம். நட்டில் அந்தப் பின் குத்தித்தான் இருந்தது.

"இருக்குதே! வீணாக் கிழிச்சிட்டியள்."

"ஓம், இருக்கு. ஆனா ஞாபகமில்லாமல் என்னெண்டு ஏறிப் பறக்கிறது?"

தேத்தண்ணி தந்தார். அன்று பதினொரு கார்களுக்கு டயர் மாட்டி அனுப்பியிருந்தேன். ஒன்றின் நட்டையாவது இறுக்கியது ஞாபகத்தில் இல்லை. அந்தப் பதினொன்றில் ஒன்று அவருடைய வாசலில் நின்றது.

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அண்ணை, வீல் ஸ்பானர் ஒண்டு இருக்கோ?"