கன்னியப்பனுக்கு ஏற்றிய பாட்டில்

படுக்கையில் விழுந்த முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் செல்வியும் நானும் காரில் கிளம்புவோம். வேலை நாட்களில் என் குழந்தை திண்டிவனத்தில் மாமியாரிடம் இருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1. அளந்த தண்ணீர்

வளவனூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் கன்னியப்பன் என்ற பெரியவர். ஹார்ட் ஃபெயிலியர். உடம்பில் நீர் கோத்து, இரண்டு காலும் வீங்கியிருந்தன. நீர் பிரிய மாத்திரை எழுதினேன். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றேன்.

"நாலு ஏக்கரு கரும்புக்குத் தண்ணி கட்னவன் நானு. எனக்கே டம்ளர்ல அளந்து ஊத்தச் சொல்றியேம்மா" என்று சிரித்தார்.

மகன் ஏழுமலையும் மருமகள் கௌரியும் ஒரு வேளை தவறாமல் பார்த்துக்கொண்டார்கள். வீக்கம் வடிந்தது. மூன்றாம் முறை போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து வந்தார்.

2. தொங்கினால்தான் தெரியும்

அன்று ஏழுமலை காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, ஞாயித்துக்கெழம தங்கச்சியோட மாமனார் மாமியாருல்லாம் அப்பாவப் பாக்க வர்றாங்க. ஒரு குளுகோஸ் பாட்டில் போட்டு உடுங்க."

"அவருக்கு அது ஆகாதுங்க. அந்தத் தண்ணி நுரையீரல்ல போய் நிக்கும். மூச்சு அடைச்சிடும்."

"ஒரே ஒரு பாட்டில்தாங்க. சும்மா படுத்துக்கினு இருந்தா இன்னா சொல்லுவாங்க? நெலத்த எழுதி வாங்கிக்கினான், பெத்தவனுக்கு ஒரு பாட்டில் போட வக்கில்லன்னு பேசுவாங்க."

"பேசட்டுமே. நீங்க நல்லாத்தான பாத்துக்கிறீங்க."

"நான் பாக்கறது யார் கண்ணுக்குத் தெரியுது? மாத்திரை வயித்துக்குள்ள போவுது. பாட்டில் தொங்கினாத்தான் தெரியும்."

முடியாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

"செல்வி, புரியற மாதிரி சொன்னேனா?"

"நல்லாப் புரிஞ்சிது மேடம். ஆனா அவரு கேக்கமாட்டாரு."

வீட்டுக்குப் போய் மறுபடி போன் செய்தேன். "சரிங்க, சரிங்க" என்றார் ஏழுமலை.

3. ஞாயிற்றுக்கிழமை

விழுப்புரம் வீட்டுக்கு அழைத்து வந்திருந்த குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். போனில் கௌரி. "டாக்டரம்மா, மாமாவுக்கு மூச்சு இழுத்துக்கினு போவுது. ஜல்தியா வாங்க." 108-க்குச் சொல்லச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கையைக் கூடச் சரியாகக் கழுவவில்லை.

கூடம் நிறைய உறவினர்கள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள், சாத்துக்குடி. ஜன்னல் கம்பியில் துணியால் கட்டிய டிரிப்ஸ். ஊரில் ஊசி போடும் ஒருவர் வந்து ஏற்றிவிட்டுப் போயிருந்தார். ஓடிக்கொண்டிருந்தது இரண்டாவது பாட்டில்.

கன்னியப்பன் வாயோரம் நுரை. ஊசியைப் பிடுங்கினேன். நிமிர்த்தி உட்காரவைத்து, நீர் பிரிய லாசிக்ஸ் ஊசி போட்டேன். காரில் இருந்த ஆக்சிஜனை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார். ஆம்புலன்ஸ் விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

மறுநாள் சாவு வீட்டுக்கு மாலையோடு போனேன். தங்கையின் மாமியார் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "ஏறிக்கினு இருந்த பாட்டில இந்தப் பொம்பள வந்து புடுங்குனா. அதோட உசுரும் போச்சு." பக்கத்தில் இருந்தவர், "புள்ள கொற வெக்கல. கடசி வரைக்கும் பாட்டில் ஏத்திப் பாத்தான்" என்றார். ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

4. கற்றது

இப்போது புது வீட்டுக்குள் நுழைந்தால், பிரஷர் பார்ப்பதற்கு முன்பே கேட்கிறேன்: "இவரைப் பாக்க அடுத்து யார் வர்றாங்க?" அந்த நாளில் நானும் போகிறேன். வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இவர் பையன் மாதிரி யாரும் பாத்துக்க முடியாதுங்க" என்று சொல்கிறேன். அதன் பிறகு யாரும் பாட்டில் கேட்பதில்லை. சில வீடுகளில் நான் சொல்வது பச்சைப் பொய். அங்கேயும் சொல்கிறேன்.

ஏழுமலை விஷயத்தில் அது முழு உண்மை. அவர் வீட்டில்தான் நாலு பேர் முன்னால் நான் அதைச் சொல்லவில்லை.